நீலப் பையில் என் பெயர்

மார்ச் 4

அண்ணி,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால் வெறும் அண்ணி. உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அலுவலக மெயிலை முதலாளி திங்கட்கிழமையே மூடிவிட்டார். மிச்சம் இருப்பது காகிதமும் அண்ணனும்தான். கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவன் என் மாடிப்படி ஏறி இதை வாங்கிக்கொள்வான்.

முதலாளியின் அறிக்கை வந்து சேர்ந்தது. "மாற்றம் செய்தவர்" என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் சூடு ஏறினால் ஐந்து நிமிடத்தில் மணி அடிக்க வேண்டும் என்றுதான் நம் புரோகிராமில் இருந்தது. அதை யாரோ முப்பது நிமிடமாக்கியிருக்கிறார்கள். பிப்ரவரி 23 அன்று நான்காம் பெட்டி நின்றுபோனபோது மணி அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது. முப்பத்தொரு பை ரத்தத்தைத் தூக்கி எறிந்தார்கள். முப்பத்தொரு பேர் கையை நீட்டிப் படுத்துக் கொடுத்த ரத்தம்.

யாரோ என்று எழுதிவிட்டேன். யாரென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணா, நீ இதைப் படி இறங்கும்போதே பிரித்துப் படிப்பாய். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறாய், உன் வீட்டில் நடப்பது மட்டும் உனக்குத் தெரிவதில்லை. அதனால் இந்தப் பத்தி உனக்கு. எங்கள் புரோகிராமின் பொதுப் பிரதி எங்கோ தூரத்தில் ஒரு கணினியில் இருக்கிறது. அதைக் களஞ்சியம் என்போம். எங்கள் ஒவ்வொருவரிடமும் அதன் முழு நகல் உண்டு. மற்றவர்கள் ஏற்றியதை முதலில் இறக்கிக்கொண்டு, பிறகு நாங்கள் செய்ததை மேலே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் செய்தது, எப்போது, எதற்காக என்று ஒரு வரி பதிவாகும். ஆனால் அந்த "யார்" இருக்கிறதே, அது கணினி ஆளைப் பார்த்து எழுதுவதில்லை. அந்தக் கணினியில் முதல் நாள் என்ன பெயர் கொடுத்தோமோ அதையே கிளிப்பிள்ளை மாதிரி எழுதும். புரிந்ததா? சரி, இனி நீ படிக்காதே.

அண்ணி, நீலப் பையில் ஒரு லேப்டாப் இருக்கிறது. வெளி வேலைக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போவோம். அதை முதன்முதலில் தயார் செய்தவள் நான். பெயர் கேட்டது. உங்களைக் கேட்டேன். "உன் பேரையே போட்டுடு சுண்டு, எல்லாம் நம்ம வீட்டுப் பேர்தானே," என்றீர்கள். அன்றிலிருந்து நீலப் பையில் யார் எதைத் தட்டினாலும் அது நான்தான். ஒரே நாளில் நான் இரண்டு ஊரில் வேலை செய்திருக்கிறேன். "சென்சாருக்குள் பல்லி செத்துக் கிடந்தது" என்று வயரிங்காரர் எழுதியதுகூட என் பெயரில்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் சிரித்தோம்.

அந்த மாற்றம் ஏறியது பிப்ரவரி 11, காலை 11:40. அன்று நீலப் பை உங்கள் தோளில் இருந்தது. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று நான் உங்களுக்கு எழுதித்தான் தெரிய வேண்டுமா? உங்களுக்குப் பதிலாக உங்கள் மகள் வாலுவின் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி விசாரணை 27-ஆம் தேதி. அங்கே என் பெயர் விழுந்தால் மருத்துவக் கருவி செய்கிற எந்த இடத்திலும் என்னை வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒன்பது வருட வேலை. முதலாளியிடம் போய் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அது போதும்.

சுண்டு


மார்ச் 7

அன்புள்ள சுண்டு,

நீ எழுதாவிட்டாலும் நான் "அன்புள்ள" என்றுதான் எழுதுவேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரியும்.

நான் உன்னை வெளியே அனுப்பவில்லை. முதலாளி அனுப்பினார். பதிவில் உன் பெயர் இருக்கிறது, அவர் அதைப் பார்க்கிறார். "ரெக்கார்டு பொய் சொல்லாதும்மா," என்கிறார். அவர் ஒரு நாளாவது நீலப் பையைத் தூக்கியவரா, அவருக்கு நான் எதை விளக்குவது? வயரிங்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நடைமுறையை யோசித்துப் பார். அந்த ஆஸ்பத்திரிக்கு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சான்றுக் கையெழுத்துப் போடுகிறவள் நான். சான்று கொடுத்தவளே மாற்றினாள் என்றால் அவர்கள் மற்ற எல்லாவற்றையும் கிளறுவார்கள். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பும். ஐந்து பேர் வேலை போகும். இளையவள் ஒருத்தி கவனக்குறைவாகச் செய்துவிட்டாள் என்றால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். உனக்கு வயது இருக்கிறது. ஒரு வருடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாவது வந்தால் நன்றாக இருக்காது. பிப்ரவரி 11 அன்று யார் எங்கே இருந்தார்கள் என்று முதலாளி எல்லோரையும் கேட்டார். நான் கையில் இருந்ததைக் காட்டினேன். காகிதத்தில் இருப்பது காகிதத்தில் இருக்கிறது.

வாலு தினமும் அத்தை எங்கே என்று கேட்கிறாள். நீ வெளியூர் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

உங்கள் கடிதத்தின் நான்காவது பத்தியை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை நின்றுகொண்டு படித்தேன், உட்கார முடியவில்லை.

கையில் இருந்ததைக் காட்டினீர்களா? வாலுவின் மதிப்பெண் அட்டையைக் காட்டினீர்களா? அம்மாவோ அப்பாவோதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று டீச்சர் ஒரே பிடியாக நின்றார். வராந்தாவில் நின்று உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என் கையெழுத்தையே போட்டுடு. உனக்குத்தான் அது என்னைவிட நல்லா வருமே." கூரியர்காரனிடம் உங்களுக்காகப் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து. போட்டேன். டீச்சர் தேதியும் நேரமும் போட்டிருக்கிற அந்த அட்டைப்படி இப்போது 11:40 மணிக்கு நீங்கள் பள்ளியில் இருந்தீர்கள். களஞ்சியத்தின்படி நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நான் உங்கள் குழந்தைக்காகப் போட்ட கையெழுத்தைக் கொண்டுபோய் என் கழுத்துக்கே சுருக்காக்கிவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் மறைத்ததோடு நிற்காமல் எனக்கே அதைப் பரிமாறியிருக்கிறீர்கள்.

எனக்கு வயது இருக்கிறதாம். வயது இருந்தால் பழியைச் சுமக்க வேண்டுமா? டயாலிசிஸ் இயந்திரம் செய்யும் இடத்தில் மே மாதம் சேரச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, நீங்கள்கூட எனக்கு அதற்காகப் பேனா வாங்கிக் கொடுத்தீர்களே. நேற்று அங்கிருந்து ஒரு பெண் பேசினார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "இருபத்தேழாம் தேதி என்ன முடிவு வருதுன்னு பார்த்துட்டு நாங்களே கூப்பிடறோம்," என்றார். கூப்பிடமாட்டார்கள் என்று அந்த மரியாதையிலேயே தெரிந்தது.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையில் கையெழுத்து மட்டும்தான் உங்களுடையது. அதற்கு மேலே "வீட்டில் பெற்றோர் கவனிக்க வேண்டியது" என்ற கட்டத்தில் நான்கு வரி எழுதியது யார்? வாலு கழித்தலில் கடன் வாங்க மறக்கிறாள், வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார வைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் கோணல் எழுத்தில். இந்தக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணாடிக் கடைக்காரன்கூட வேண்டாம், எந்தக் குருடனுக்கும் தெரியும்.

நான் இன்றைக்கே முதலாளியின் மேஜைக்குப் போகலாம். போகப் போவதில்லை. நான் போய் நிரூபித்தால் நீங்கள் பிடிபட்டவர் ஆவீர்கள். அப்புறம் ஆயுசுக்கும் உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது, வாலுவின் முகத்தையும் பார்க்க முடியாது. நீங்களாகச் சொல்ல வேண்டும். 26-ஆம் தேதி வரை பார்ப்பேன்.

அண்ணனிடம் கேட்டேன், "யார் பக்கம் நீ?" என்று. "நான் லெட்டர் கொண்டு போறவன்மா, எனக்குப் பக்கம் ஏது," என்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாவம்தான், ஆனாலும் அவன் மேலும் கோபம்.

சுண்டு


மார்ச் 13

சுண்டு,

நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். அட்டையை முதலாளி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அந்த நான்கு வரியை அவர் படிக்கவே இல்லை, கையெழுத்தைப் பார்த்ததோடு சரி. ஒரு நிமிடம் கேட்டு வாங்கி நான் படித்தேன். ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது. அவரிடம் கொடுக்கும் வரை மூன்று வாரமாக அந்த அட்டை என் கைப்பையில் இருந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் இரண்டாம் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. ஒவ்வொரு தடவை திறந்து மூடிய பிறகும் சூடு ஏறி மணி. தலைமை நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்து அறையில ஆபரேஷன் முடிஞ்சவங்க தூங்கணும்மா. ஒரு வாரத்துக்கு இதை கொஞ்சம் தள்ளி வையுங்க, கதவை மாத்திடறோம்." விதிப்படி அவர் கேட்கக் கூடாது, நான் செய்யவும் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது. ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து, மடியில் வைத்து மாற்றினேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் என்று தனியாக வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பொதுப் பிரதியிலேயே செய்து மேலே ஏற்றிவிட்டேன். பதினொரு பெட்டியும் அதை இறக்கிக்கொண்டன. ஒரு வாரம் கழித்துத் திருப்ப வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதி வைத்தேன். கை கழுவினேன், போயே போய்விட்டது. இப்போது நர்ஸைக் கேட்டால் அன்று யாரும் வரவே இல்லை என்கிறார்.

போதுமா? சொல்லிவிட்டேன். இனி வழியையும் நானே கண்டுபிடித்திருக்கிறேன். ஞாயிறு மதியம் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். களஞ்சியத்தின் பழைய பதிவுகளைத் திருத்தி, பிப்ரவரி 11 பதிவில் உன் பெயரை எடுத்துவிட்டு "அலுவலகம்" என்று போட்டு, வலுக்கட்டாயமாக மேலே ஏற்றிவிடுகிறேன். இருந்ததன் மேலேயே புதியது உட்கார்ந்துவிடும். திங்கட்கிழமை எல்லோரையும் புது நகல் எடுக்கச் சொல்லிவிட்டால் முடிந்தது. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. யார் செய்தார்கள் என்றே தெரியாமல் போனால் யாரைத் தண்டிப்பார்கள்?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

ஞாயிறு வருவதற்குள் கிடைக்க வேண்டும் என்று அண்ணனைக் கடைக்கே போய்ப் பிடித்துக் கொடுக்கிறேன். ஒரு பாட்டிக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தான். அவரை எழுத்துப் படிக்க விட்டுவிட்டு என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தான்.

களஞ்சியத்தைத் தொடாதீர்கள். உங்கள் கையைக் கட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அது நடக்கவே நடக்காத காரியம். பழைய பதிவு ஒன்றில் கை வைத்தால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை பதிவின் அடையாளமும் மாறிப் போகும். வயரிங்காரர் கணினியில் பழைய நகல் அப்படியே இருக்கும், முதலாளியின் கணினியில் இருக்கும், ஆஸ்பத்திரிப் பெட்டிகளிலும் இருக்கும். திங்கட்கிழமை முதல் ஆள் எதையாவது ஏற்றப் போனதும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று களஞ்சியம் திருப்பி அனுப்பும். இதை எனக்கு முதல் வருடம் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள் என்றால் பயம் உங்கள் புத்தியைத் தின்றுவிட்டது.

இரண்டாவது, நடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். என் பெயரை அழித்துவிட்டால் எனக்குப் போதும் என்று எப்படி நினைத்தீர்கள்? அறிக்கை போய்விட்டது. அழித்தது தெரிந்தால் அழித்ததும் நான்தான் என்பார்கள். தெரியாவிட்டால் முப்பத்தொரு பை ரத்தம் தானாகக் கெட்டுப்போனது என்று ஆகும். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். அதன் மேலே இன்னொன்றை எழுதுங்கள். அதற்குத்தானே அண்ணி அந்தக் களஞ்சியம். முப்பதை மறுபடி ஐந்தாக்குங்கள், இன்னும் யாரும் அதைச் செய்யவில்லை என்று கேள்வி, வெட்கக்கேடு. அந்தப் பதிவில் எதற்காக என்ற இடத்தில், பிப்ரவரி 11 அன்று இதை மாற்றியது நான், காரணம் இது, தவறு என்னுடையது என்று எழுதி ஏற்றுங்கள். முதலாளி பதிவைத்தானே நம்புகிறார், பதிவையே படிக்கட்டும்.

தலைமை நர்ஸ் கேட்டதற்காக மனம் இளகினீர்கள் என்று படித்தபோது எனக்கும் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த பத்தியில் அதைக் கெடுத்துவிட்டீர்கள்.

கடிதத்தை எரிக்கவில்லை.

சுண்டு


மார்ச் 18

சுண்டு,

செய்துவிட்டேன்.

மூன்று நாள் ஆனது. நேற்று அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை இருந்தது. அதே இடத்தில் காரை நிறுத்தி, நீலப் பையைத் திறந்து, முப்பதை ஐந்தாக்கி, நீ சொன்னபடியே எழுதினேன். "பிப்ரவரி 11 அன்று மணியின் காத்திருப்பை மாற்றியது நான்தான். யாரிடமும் கேட்கவில்லை. திருப்ப மறந்துவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது." வாய்விட்டுப் படித்துப் பார்த்து ஏற்றினேன். முதல் தடவை திருப்பி அனுப்பியது. வயரிங்காரர் ஏற்றியிருந்ததை இறக்கிக்கொண்டு மறுபடி ஏற்றினேன், போய்விட்டது.

முதலாளி இன்னும் கூப்பிடவில்லை. ஆனாலும் பதினைந்து நாளுக்கு அப்புறம் நேற்றுதான் தூங்கினேன்.

உனக்குத் திருப்தியா?

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

முதலாளி உங்களைக் கூப்பிடமாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இதை முதல் நாளே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா," என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே படித்துக் காட்டினார். "மாற்றியது நான்தான். தவறு முழுவதும் என்னுடையது." செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

நீலப் பை, அண்ணி. நீலப் பையில் உட்கார்ந்து "நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணினிக்கு "நான்" என்றால் நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குக்கு என் முகம் வேறு.

இன்னும் கேளுங்கள். என் கணக்கை மார்ச் 2-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். நீலப் பை அலுவலகப் பொதுக் கடவுச்சொல்லில் ஏற்றுகிறது என்பது முதலாளிக்கு எங்கே தெரியும்; மூடிய பிறகும் என் பெயரில் பதிவு ஏறியிருப்பதால் அந்தக் கடவுச்சொல்லைத் திருடி வைத்திருக்கிறேன் என்று இரண்டாவது குற்றச்சாட்டு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். என் வாக்குமூலம் என்று.

இப்போது நான் கேட்க விரும்பாத ஒன்றைக் கேட்கிறேன். நேற்றிலிருந்து கேட்காமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. தெரியாமல்தான் செய்தீர்களா? பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறவர், இந்தச் சண்டை முழுவதும் எந்தப் பெயரைப் பற்றியதோ அந்தப் பெயரைப் பார்க்காமலா ஏற்றினீர்கள்? "பார்க்கவில்லை" என்று நீங்கள் சொன்னால் நம்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. நம்ப முடியவில்லை.

சுண்டு


மார்ச் 21

சுண்டு,

பார்க்கவில்லை. வாலு மேல் சத்தியமாகப் பார்க்கவில்லை.

நீ நம்பாததில் தப்பே இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும் நீலப் பையைத் திறந்து பழைய பதிவுகளை முதலிலிருந்து பார்த்தேன். நான்கு வருடம். அந்தப் பையில் நான் செய்த இருநூற்றுச் சொச்சம் வேலையும் உன் பெயரில் இருக்கிறது. ஒரு தடவைகூட என் கண்ணில் உறுத்தியதில்லை. நீ எனக்காகச் செய்வதெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறது போல.

என் சொந்தக் கணினியிலிருந்து இன்னொரு பதிவு ஏற்றப் போனேன், "முந்தையதும் நான்தான்" என்று. பாதி எழுதிவிட்டு நிறுத்தினேன். நாத்தனாரைக் காப்பாற்ற அண்ணி எழுதினாள் என்பார்கள். இனி எந்தக் காகிதமும் எந்தப் பதிவும் உதவாது. வாய்தான் மிச்சம்.

27-ஆம் தேதி நான் போகிறேன். உன் மார்ச் 4 கடிதத்தை எடுத்துப் போக அனுமதி கொடு. உன் அண்ணனிடம் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதும். கடிதம் எழுத வேண்டாம், உன் கடிதத்தைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 28

சுண்டு,

உன் "ஆமாம்" வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உன் அண்ணன் சொல்லியிருப்பார், ஆனால் அவர் வராந்தாவில் பெஞ்சில் இருந்தார், உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது.

நீள மேஜை. ரத்த வங்கி டாக்டர், இன்னும் இரண்டு பேர், நம் முதலாளி, சுவரோரம் தலைமை நர்ஸ். டாக்டர் உன் பெயரைப் படித்தார். நான் எழுந்து நின்றேன். "அவள் இல்லை. நான்," என்றேன். முதலாளி என் புடவை முந்தானையை இழுக்காத குறை. "உட்காரும்மா, வீட்டு விஷயத்தை இங்க கொண்டுவராதே," என்றார்.

டாக்டர் அந்த அச்செடுத்த பக்கத்தை நீட்டினார். "அப்போ இந்த வாக்குமூலம் யாரோடது?"

"அதுவும் நான் எழுதியது."

"உங்க பேர் இல்லையே."

"எங்க வெளி வேலையில என் பேர் எங்கேயும் இல்லைங்க. எல்லாத்துலயும் அவள் பேர்தான் இருக்கு."

பிறகு முதலாளி பீரோவிலிருந்து கொண்டுவந்த அட்டையை எடுத்துப் போட்டார். அன்று நான் பள்ளியில் இருந்ததற்கு என் கையெழுத்தே சாட்சி என்றார். என்னைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. "அது என் கையெழுத்துதான். ஆனால் நான் போட்டதில்லை," என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று புரிந்தது. உன் கடிதத்தை அட்டையின் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான்கு வரியையும் படித்தார், பிறகு உன் கடிதத்தை முழுவதும் படித்தார். பல்லி வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். அறையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் சிரிக்கவில்லை.

அப்போது தலைமை நர்ஸ் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "நான்தான் கேட்டேன், சார். அந்தம்மாதான் வந்தாங்க," என்றார்.

என் சான்றுரிமையை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து முதலாளி என்னை விலக்கிவிட்டார். அலுவலகம் மூடவில்லை. நான் உனக்குச் சொன்ன பூதம் எதுவும் கிளம்பவில்லை. இரண்டு குற்றச்சாட்டிலும் உனக்குச் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி கொடுத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், மூலம் உனக்கு, ஒரு நகல் டயாலிசிஸ் இடத்துக்கு நேராகப் போய்விட்டது.

மன்னிப்பு என்று எழுதி எழுதி நான்கு காகிதத்தைக் கிழித்தேன். உன்னைப் பலி கொடுக்கத் துணிந்தேன், சுண்டு. வயது இருக்கிறது என்று வேறு எழுதினேன். அந்த வரி என்னை விடமாட்டேன் என்கிறது.

நீலப் பையைப் பற்றி முதலாளி உன்னிடம்தான் கேட்கச் சொன்னார். பெயரை எப்படி மாற்றுவது, யார் பெயரைப் போடுவது?

அண்ணி


மார்ச் 30

அண்ணி,

ஆஸ்பத்திரிக் கடிதம் கிடைத்தது. டயாலிசிஸ் இடத்திலிருந்து அதே பெண் பேசினார். இந்தத் தடவை மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்தது, அதனால் நிஜம் என்று தெரிந்தது. மே முதல் வாரம் சேர்கிறேன். முதலாளியும் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வயரிங்காரர்தான் வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அங்கே இனி வரமாட்டேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை. போனதாக எழுதினால் அதுவும் பொய்ப் பதிவாகிவிடும். நீங்கள் எழுந்து நின்றதை அண்ணன் கதவு இடுக்கில் பார்த்திருக்கிறான், வராந்தாவில் இருந்தேன் என்று உங்களிடம் புளுகியிருக்கிறான். "முதலாளி உட்காருன்னாரு, அவ உட்காரலை," என்றான். அதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபமும் இருக்கிறது, அதுவும் இருக்கிறது. இரண்டையும் நான் என்ன செய்ய?

நீலப் பை விஷயம். என் பெயரை எடுத்துவிடுங்கள். வேறு யார் பெயரையும் போடாதீர்கள், முக்கியமாக "அலுவலகம்" என்று போடாதீர்கள். காலியாக விடுங்கள். பெயர் இல்லாமல் அது எதையும் பதிவு செய்யாது, முறைத்துக்கொண்டு நிற்கும். எடுத்துப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் தன் பெயரைத் தானே அடிக்கட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட்டுப் பையை மூடட்டும். தொந்தரவுதான். பட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நம்பரின் தடையை நீக்கிவிட்டேன். வாலுவிடம் நான் வெளியூரிலிருந்து வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். ஞாயிறு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், கழித்தல் கணக்கு போட.

ஏப்ரல் 9 பெற்றோர் கூட்டம். டீச்சர் பழக்கத்தில் எனக்குத்தான் போன் செய்தார். அவருக்கு நான்தான் வாலுவின் அம்மா. நான் இல்லை என்று சொல்லிவிட்டு உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். நாற்காலி மிகவும் குட்டையாக இருக்கும், முட்டி வலிக்கும். நீங்களே போய் உட்காருங்கள். நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

சுண்டு